‘இதர’ என்று எழுதிய தட்டுகள்

ஜூன் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் காலையிலிருந்து பல்லைக் கடிக்கிறது. ஹார்ட் டிஸ்க்தான். டெலிபோன் ஆபீசில் ஆயுசு முழுக்க இதுகளோடு மாரடித்தவன் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் ஓடினால் பெரிய விஷயம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பென்ஷன் காகிதம், வீட்டுப் பத்திரம், பழைய பாட்டு எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டது. மீதி முழுக்க ஒரே ஒரு ஃபோல்டர். அவளுடையது.

போன வருஷம் தை மாதம் வயல் பம்ப்செட்டில் நின்று தலை முழுகிவிட்டேன். செத்தவர்களுக்குச் செய்வதுபோல, ஊரறியச் செய்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சாதி விட்டுச் சாதி போய், மதுரையில் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவளுக்கு நான் அப்பன் இல்லை. அவள் பெயரை இனி வாயால் சொல்லமாட்டேன், கையால் எழுதமாட்டேன் என்று ஈரத் தலையோடு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இந்த டைரியிலும் எழுதமாட்டேன். எழுதியதைத் திரும்பிப் படிக்கிற வழக்கம் எனக்கில்லை, இதை யாருக்கும் காட்டுவதும் இல்லை.

“அப்பொ அந்த ஃபோல்டர அழிச்சிர வேண்டியதுதான?” என்று ஆவுடை கேட்டாள். என் சம்சாரத்துக்குக் குத்திக் கேட்பதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

“அழிக்கத்தான் போறேன். பேக்கப் எடுக்காம எதையும் அழிக்கப்படாது. அது முறை.”

“தலை முழுகுனவுகளுக்குமா முறை?”

“கம்ப்யூட்டருக்குடி, கம்ப்யூட்டருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் ரசத்தில் உப்பும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

பால்துரை கடைக்குப் போய் வெற்று டிவிடி கேட்டேன். சங்கரன்கோவிலிலேயே அவன் கடையில்தான் இன்னும் கிடைக்கும்.

“இப்பொ யாரு அண்ணாச்சி டிவிடில எழுதுதா? மேல கிளவுட்ல போட்டுருங்க.”

“மேல போனவன் எவம்ல திரும்பி வந்துருக்கான்?” என்றேன். பால்துரை தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து டெர்மினலைத் திறந்தேன். மவுஸைப் பிடித்துத் தடவிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் சொன்ன வேலையை மட்டும் செய்யும், எதிர்க்கேள்வி கேட்காது. வீட்டில் என் பேச்சைக் கேட்கிறது அது ஒன்றுதான்.

வருஷ வரிசைப்படி மொத்தத்தையும் கட்டி ஒரே கோப்பாக்கினேன். நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக இருந்தால் டிவிடித் தட்டு வாங்காது என்று கட்டளை முறைத்தது. அதனால் கோப்பை வெட்டினேன். ஐந்து துண்டு வந்தது. இதில் ஒரு சங்கதி உண்டு. ஐந்தும் இருந்தால்தான் திரும்ப ஒட்டிப் பிரிக்கலாம். ஒன்று போனாலும் போச்சு.

வீடியோ ஓடுகிறதா என்று சோதிக்க ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு நாலு வயது. பைக்கை நிறுத்திவிட்டு நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவள் கொதிக்கிற சைலன்சரைக் கட்டிக்கொள்ள ஓடி வருகிறாள். நான் கையை நடுவில் கொடுக்கிறேன். என் வலது கைத் தழும்பு அன்றைக்கு வந்ததுதான். வீடியோவில் நான் கத்துகிறேன், அவள் எனக்காக அழுகிறாள்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சோதனை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

காலை டிபன் முடிந்ததும் முதல் தட்டு.

எழுதுகிறபோது டிரைவ் விம்மும். அது வழக்கம்தான். எழுதி முடிந்ததும் தட்டைத் திரும்பப் படித்து, டிஸ்க்கில் உள்ள துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒன்று என்று உறுதியான பிறகுதான் டிஸ்க்கிலிருந்து அழிப்பேன், துண்டையும் அது வந்த மூலத்தையும் சேர்த்து. இன்றைக்கும் அப்படியே செய்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

படித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்ப்பதுபோல இருந்தது. ஆவுடை என்று நினைத்து, “தள்ளி நில்லு” என்றேன். திரும்பினால் யாரும் இல்லை. ஆவுடை பின்கட்டில் துணி அலசும் சத்தம் கேட்டது.

தட்டு சூடாக வெளியே வந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். மேலே மார்க்கரால் என்ன எழுதுவது? பெயர் எழுதமாட்டேன். ஆபீசில் எந்த வகையிலும் சேராத ஃபைலுக்கு ‘இதர’ என்று தலைப்புப் போடுவோம். ‘இதர 1’ என்று எழுதி டப்பாவில் வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

குளிக்கும்போது கவனித்தேன், வலது கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. ஆபீசில் ஒயரைச் சால்டரிங் வைத்து ஒட்டும்போது பட்டிருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு இரண்டாவது தட்டு.

சாப்பிடும்போது ஆவுடை, “அந்த சைலன்சரு அன்னைக்கு ஒங்க கை வெந்த வாசம் இன்னும் என் மூக்குல இருக்கு” என்றாள். எந்தச் சைலன்சர் என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள். அவளுக்கு எதையாவது எதோடாவது முடிச்சுப் போடுகிற பழக்கம் உண்டு, நான் கண்டுகொள்ளவில்லை.

தட்டைத் திரும்பப் படிக்கும்போது ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து. எரிச்சலாக வந்தது. ஜன்னலைத் திறந்து, “ஏ, பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைங்க” என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன். பங்குனியிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

டிரைவ் நின்றதும் சத்தமும் நின்றது. பழைய மோட்டார் அப்படித்தான், பல குரலில் பேசும். ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி.

ஜூன் 19, புதன்

நேற்று மூன்றாவது தட்டு முடிந்தது. இன்றைக்கு ஓய்வு.

பின்கட்டை ஒழித்தேன். கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் நிற்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள். பால்காரம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று உருட்டி வந்தேன். ஆவுடை ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“இத ஏன் எடுத்திய?”

“யாருதுன்னே தெரியலையே. சும்மா நிக்கி.”

அவள் சைக்கிளை வாங்கித் திரும்பவும் உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, அதே துணியால் மூடினாள்.

உட்கார்ந்து யோசித்தேன். ஓடிப்போனவள் காலேஜுக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன். ஜன்னலோரம் இடம் பிடிக்கத் துண்டு போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால்? காலேஜ் சேரும் வயதில்தான் இந்த வீட்டுக்கே வந்தவள்போலத் தோன்றுகிறது. பிறக்காமல் வளராமல் ஒருத்தி எப்படி நேராகப் பதினெட்டு வயதில் வருவாள்? வயதாகிறது எனக்கு. சுக்குக் காபி குடித்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

நாலாவது தட்டு முடிந்து டப்பாவை மூடும்போது ஆவுடை வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

“போதும். இத்தோட நிறுத்துங்க.”

“ஒண்ணுதான் பாக்கி. முடிச்சிருதேன்.”

“நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. அவொ மொகம் எப்படி இருக்கும்?”

இது ஒரு கேள்வியா என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. வட்ட முகமா, நீள முகமா? என்னை மாதிரி நிறமா, இவள் மாதிரியா? ஒன்றும் இல்லை. ஓடிப்போனாள், மானத்தை வாங்கினாள் என்பது மட்டும் இருக்கிறது. கோபம் அப்படியே முழுசாக இருக்கிறது. யார் மேல் கோபம் என்று பார்த்தால் அங்கே ஆள் இல்லை.

“ஒவ்வொரு தட்டுக்கும் ஒங்ககிட்ட இருந்து அவள எடுத்துட்டுப் போவுது” என்றாள் ஆவுடை. “நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மொதத்தட்டுல கைக்கொழந்தையா போனா. அடுத்ததுல பள்ளிக்கூடம் போச்சு.”

“கூறு கெட்டவளே, காப்பின்னா அதே மாதிரி இன்னொண்ணுதான். எடுத்துட்டுப் போறதுக்கு அது என்ன களவாணியா?” என்று சத்தம் போட்டேன்.

சத்தம் போட்டேனே ஒழிய, பயமாக இருந்தது. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், ரொம்பப் பயமாக இருந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன், இதிலிருந்தாவது அவள் முகம் வருமா என்று. வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

டிஸ்க் இப்போது பல் கடிக்கவில்லை, இருமுகிறது. இன்றைக்கு மேல் தாங்காது.

கடைசித் துண்டில் இருப்பவை அவள் கல்யாணத்துக்குப் பிறகு அனுப்பியவை. நான் கேட்காமலே சேமித்து வைத்த குரல் செய்திகள். ஆவுடை கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், “ஒரே ஒருக்கா கேளுங்க. அதுக்கப்புறம் ஒங்க இஷ்டம்.”

மூலம் இன்னும் அழியாமல் இருந்ததால் ஒன்றைப் போட்டேன்.

“அப்பா... கோவம் தீரலைனாலும் பரவால்லப்பா. திட்டுறதுக்காவது பேசுங்க. பிள்ள பொறந்துட்டான். ஒங்க மூக்கு அவனுக்கு. ஆடி மாசம் தூக்கிட்டு வாரேன். வாசல்லயே நிக்க வச்சாலும் நிப்பேன்.”

யார் குரல் என்று தெரியாமலே அழுகை வந்தது. எல்லாம் போதும், வரட்டும் என்று தோன்றியது. அதை ஆவுடையிடம் சொன்னேன். அவள் என் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் நாலு தட்டில் போனது திரும்ப வேண்டுமென்றால் ஐந்தாவது துண்டும் வேண்டும். டிஸ்க் செத்துவிட்டால் அந்தத் துண்டும் போய், முதல் நாலும் வீண். எழுதியே ஆக வேண்டும். எழுதி முடித்த கையோடு புது டிஸ்க் வாங்கி, ஐந்தையும் ஒட்டிப் பிரித்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துவிடுகிறேன் என்று ஆவுடை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

“எழுதி முடிச்சதும் ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னா?”

“நீ ஞாபகப்படுத்து.”

“நான் சொன்னா நம்புவியளா? அவொ பேர அந்தத் தட்டுல எழுதுங்க. அஞ்சுலயும் எழுதுங்க. ஒங்க கையெழுத்தப் பாத்தாவது நம்புவிய.”

மார்க்கரை எடுத்து என் கையில் திணித்தாள். மூடியைக் கழற்றினேன். முதல் எழுத்தின் வளைவுகூட விரலில் வந்துவிட்டது. பம்ப்செட்டில் என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இப்போதும் சுற்றி நிற்பதுபோல இருந்தது. வாக்கு என்று ஒன்று இருக்கிறதில்லையா?

“அது மட்டும் முடியாது ஆவுடை. சொன்னது சொன்னதுதான்.”

‘இதர 5’ என்று எழுதினேன். தட்டை உள்ளே தள்ளிக் கட்டளையை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரைவ் விம்முகிறது. தொண்ணூறு சதவீதம் தாண்டிவிட்டது. ஆவுடை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுவாளோ என்று.

ஜூன் 26, புதன்

ஹார்ட் டிஸ்க் ஒருவழியாகச் செத்துவிட்டது. நல்லவேளை, வேண்டியதெல்லாம் பென் டிரைவில் இருக்கிறது.

ஆவுடை காலையிலிருந்து எதையோ ஒட்டு, பிரி என்று நச்சரிக்கிறாள். இவளுக்கு எப்போதிருந்து கம்ப்யூட்டர் மேல் இத்தனை அக்கறை? சாவகாசமாகப் பார்க்கலாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

ஜூலை 1, திங்கள்

ஆவுடை பிடிவாதத்துக்காகத் திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். தேதி கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், அவர் நிறுத்தச் சொல்கிறவரை குறைத்தேன். வேலை பார்த்த ஊர், அதிகாரிகள் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்றேன்.

ஆவுடை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாவம், அவளுக்கு அந்தக் குறை உண்டு. நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது ஆவுடை அவள் போனில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். களையான பிள்ளை. யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு, சங்கரன்கோவில் வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

கொய்யா மரத்தில் கிளி அட்டகாசம் தாங்கவில்லை, ஒரு பழம் முழுசாக இல்லை. பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிட்டால் வராது என்பார்கள். மேஜையில் ஒரு டப்பாவில் டிவிடிகள் இருந்தன. என் கையெழுத்துதான், ‘இதர’ என்று போட்டிருக்கிறது. இதர என்றால் ஒன்றுக்கும் ஆகாதது என்று அர்த்தம், அந்தத் தலைப்பைப் போட்டவனே நான்தானே. நூல் கட்டி ஐந்தையும் கிளைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன்.

நன்றாகச் சுற்றின. கிளி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் காற்றே இல்லாதபோதும் சுற்றின. அந்த வெளிச்சம் சுவரில் ஓடி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து நின்றது. நாற்காலியை நகர்த்திப் போட்டேன், அங்கேயும் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆவுடை மூன்று நாளாகத் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள்.

ஜூலை 13, சனி

ஆவுடை வந்தாள். மரத்தைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஐந்தையும் மாரோடு அணைத்துக்கொண்டு பால்துரை கடைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன், இப்படி ஓடினால் எங்கேயாவது விழுந்துவைப்பாளே.

பால்துரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“வெயில்ல வெந்துபோச்சு மதினி. ஒண்ணுகூடப் படிக்கல. கிளையில ஒரசி ஒரே கீறலு. என்ன இருந்துச்சு இதுல?”

ஆவுடை திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் எங்கள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை, ஆனாலும், “மன்னிச்சுருடி” என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, ஆனாலும் வெயில் குறையவில்லை.

பதினோரு மணி வாக்கில் வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. தெருமுனையில் ஒரு கார், அதன் பக்கத்தில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

கேட்டைத் திறந்தேன். “என்னம்மா, பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல நிக்க? உள்ள வா.”

அவ்வளவுதான் சொன்னேன். “அப்பா!” என்று குழந்தையோடு என் மேல் விழுந்து அப்படி ஒரு அழுகை. சட்டை நனைந்துவிட்டது. “பேசிட்டியளேப்பா, பேசிட்டியளேப்பா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஏனோ கலங்கிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுத்து, உள்ளே கூட்டி வந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“யாரும்மா நீ? ஆவுடைக்குச் சொந்தமா?” என்றேன்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். சமையல்கட்டு வாசலில் நின்ற ஆவுடையைப் பார்த்தாள். “ஒங்கிட்ட போன்ல எப்படிச் சொல்ல?” என்று ஆவுடை நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கும் முழியுமாக நல்ல பிள்ளை.

“உங்க அப்பா எங்கம்மா இருக்காரு?” என்று பேச்சை மாற்றினேன்.

“அவரு... நான் பிடிச்சவரக் கட்டிக்கிட்டேன்னு எனக்குத் தலை முழுகிட்டாரு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “என்ன செஞ்சுட்ட நீ அப்படி? பிடிச்சவனக் கட்டிக்கிட்ட, அம்புட்டுத்தான? பெத்த பிள்ளைக்கு உசுரோட தலை முழுகுறவன்லாம் ஒரு மனுசனா? இந்த மொகத்த எப்படிம்மா அவன் மறந்தான்?” என்று கத்தினேன். “நீ அழாத. அவன் வேண்டாம்னா போறான். இந்த வீட்டுல எத்தன நாள் வேணுமானாலும் இரு. எங்களுக்கும் பிள்ள இல்ல. அந்தப் பையனையும் உள்ள கூப்பிடு.”

அவள் என் வலது கையை எடுத்து, அந்தத் தழும்பின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

பெயர் கேட்டேன். கோமதி என்றாள். எங்கள் ஊர் அம்பாள் பெயர். எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் கோமதி என்றுதான் வைத்திருப்பேன் என்று அவளிடம் சொன்னேன்.